அதிக பாரம்: அபராதம் கட்டிவிட்டால் வண்டி போகலாமா?

பசுவந்தனையில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் பக்கம் கோழித்தீவன ஆலைக்குப் போன லாரி ஒன்றை வழியில் நிறுத்தினார்கள். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். ஆர்.சி.யில் இருப்பது 18,500 கிலோ. மேடை காட்டியது 22,500 கிலோ. நாலு டன் கூடுதல். சலானைக் கையில் கொடுத்து, கூடுதல் மூட்டைகளை இறக்கினால்தான் வண்டி நகரும் என்று சொல்லிவிட்டார்கள்.

லாரியை ஓட்டிப் போனவர் நமக்குப் பழக்கமான சகோதரர். வண்டி அவருடையது அல்ல. ஊர் திரும்பியதும், அஸர் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சலானோடு வந்தார்.

"ஹஜரத், முதலாளி பணத்தக் கட்டிர்றேன்னு சொல்லிட்டாரு. கட்டியாச்சுன்னா சோலி முடிஞ்சிருமுல்ல? ஆனா என் லைசென்ஸ் நம்பரையும் எழுதிக்கிட்டாங்க. அது எதுக்கு?"

அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பலரும் அதைக் கேட்பதே இல்லை. நாம் வழக்கறிஞர் அல்ல. ஆனாலும் சட்டப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தோம். விவரம் தெரிந்த வழக்கறிஞர்களிடம் கேட்டோம். சமுதாயத்தில் லாரி, மினி லாரி, குட்டியானை, டிராக்டர் என்று வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் பணக்கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 194-வது பிரிவு, அளவுக்கு மீறி பாரம் ஏற்றியவர்களுக்கானது. 2019 செப்டம்பர் 1-க்கு முன்பு குறைந்தபட்ச அபராதம் 2,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் என்று இருந்தது. திருத்தம் வந்த பிறகு அடிப்படை அபராதமே 20,000 ரூபாய். ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். நம் சகோதரரின் வண்டிக்குக் கணக்குப் போட்டால் 20,000-மும் 8,000-மும் சேர்ந்து 28,000 ரூபாய் வருகிறது. சரக்கை இறக்கும் கூலியும் வண்டிக்காரர் தலையில்தான். நூறு கிலோ மூட்டை என்றால் நாற்பது மூட்டை. அதை இறக்க ஆள், அடுக்க இடம், எடுத்துப் போக இன்னொரு வண்டி, அது வரும்வரை காவல். வெயில் என்றால் பரவாயில்லை. தூறல் விழுந்தால் தார்ப்பாய்க்கு அலைய வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 20,000 என்ற அடிப்படைத் தொகை பத்துச் சக்கர லாரிக்கும் குட்டியானைக்கும் ஒன்றேதான். சட்டம் வண்டியின் அளவைப் பார்த்துத் தொகையைக் குறைக்கவில்லை. நாள் முழுக்க ஓடி ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற சின்ன வண்டிக்காரர், அரை டன் கூடுதலாக ஏற்றிப் பிடிபட்டால் அந்த ஒரு நடையில் ஒரு மாத வருமானம் போய்விடும். இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றே நாம் சொல்வோம். ஆனால் இன்றைக்குச் சட்டம் அதுதான். தெரிந்துகொண்டே வண்டியை எடுக்க வேண்டும்.

பாரம் எடையில் மட்டும்தான் மீறும் என்றும் நினைக்க வேண்டாம். வைக்கோல், பருத்திப் பொதி, கரி மூட்டை போன்றவை எடையில் குறைவு, இடத்தில் அதிகம். பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் 20,000 ரூபாய் அபராதம், கூடவே இறக்குக் கூலி என்று அதே பிரிவின் உட்பிரிவு சொல்கிறது. கரிசல் காட்டில் வைக்கோல் வண்டி இரண்டு பக்கமும் புளியமரக் கிளையை உரசிக்கொண்டு போவது நமக்குப் பழகிப்போன காட்சி. சட்டத்துக்குப் பழகவில்லை.

பணம் கட்டினால் பாரத்தோடு போகலாமா?

கூடாது. இந்தத் தவறான எண்ணம் நம் மக்களிடம் மட்டுமல்ல, ஒரு காலத்தில் சில மாநில அரசுகளிடமே இருந்தது. சமரசக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அதிக பாரத்தோடேயே லாரிகளைத் தொடர்ந்து ஓட விட்டார்கள். பரம்ஜித் பாசின் என்பவர் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்சநீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. கட்டணம் கட்டினால் அந்தக் குற்றத்துக்கான வழக்கு முடியும், கூடுதல் பாரத்தோடு பயணத்தைத் தொடர அது அனுமதிச்சீட்டு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். 2019 திருத்தத்தில் அதையே 194-வது பிரிவுக்குள் எழுதிவிட்டார்கள். கூடுதல் பாரம் இறக்கப்படும் வரை வண்டியை நகர விடக்கூடாது.

ஆகவே யாராவது "இவ்வளவு கொடு, அப்படியே போ" என்று சொன்னால், அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது என்று பொருள். ரசீது இல்லாத பணம் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. மார்க்கத்தில் அதன் நிலை எல்லோருக்கும் தெரியும். உலகக் கணக்கிலும் அது நஷ்டம்தான். பத்துக் கிலோமீட்டர் தாண்டி அடுத்த சோதனையில் மறுபடியும் நிறுத்தினால், முன்பு கொடுத்ததைக் காட்டித் தப்ப முடியாது.

அபராதத்தைவிடக் கனமான இன்னொரு விஷயம் இருக்கிறது. ஓட்டுநர் உரிமம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-வது விதி, பொதுமக்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ விளைவிக்கும் செயல்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. சரக்கு வண்டியில் அதிக பாரம் ஏற்றுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சட்டத்தின் 19-வது பிரிவின்படி, அந்தப் பட்டியலில் உள்ள செயலுக்காக உரிமத்தை நிறுத்திவைக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அதிகாரம் உண்டு. உச்சநீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. மது அருந்தி ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், அதிவேகம், ஓட்டும்போது செல்போன் பேசுதல் ஆகியவற்றோடு சரக்கு வண்டியில் அதிக பாரத்தையும் சேர்த்து, இவற்றுக்கெல்லாம் மூன்று மாதத்துக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது.

இப்போது அந்தச் சகோதரரின் நிலைமையைப் பாருங்கள். முதலாளி 28,000 ரூபாயைக் கட்டிவிடுவார். அவருக்கு இன்னொரு ஓட்டுநர் கிடைப்பார். லாரி மறுநாளே ஓடும். மூன்று மாதம் வீட்டில் உட்காரப்போகிறவர், மூட்டை எத்தனை ஏற்றுவது என்று முடிவு செய்யாத இந்த மனிதர். பள்ளிக்கூடக் கட்டணம், கடன் தவணை, மளிகைப் பாக்கி எதுவும் அவருக்காக மூன்று மாதம் காத்திருக்காது.

வண்டியின் அளவு, ரோட்டின் அளவு

எடை வரம்பு என்றால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மட்டும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது வண்டிக்கான வரம்பு. சட்டத்தின் 113-வது பிரிவு அதைப் பற்றியது. மொத்த எடை என்பது வண்டியின் சொந்த எடையும் சரக்கும் டீசலும் ஆட்களும் சேர்ந்தது. 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த வரம்புகளை உயர்த்தியது. பின்னால் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. முன்னால் இரண்டும் பின்னால் நான்குமாக ஆறு டயர் உள்ள லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னில் இருந்து 18.5 டன் ஆனது. "கவர்மெண்டே கூட்டிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு பழைய லாரியில் புதிய அளவுக்கு ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆர்.சி.யில் என்ன எண் அச்சிட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் எண். சோதனையில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இது தவிர, ரோட்டுக்கென்று தனியாக ஒரு வரம்பு இருக்கலாம். 115-வது பிரிவு அதற்கானது. ஒரு சாலையோ பாலமோ தாங்காது என்றாலும், பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவை என்றாலும், குறிப்பிட்ட வகை வண்டிகள் அங்கே போவதை மாநில அரசோ அது அதிகாரம் அளித்தவரோ தடை செய்யலாம், கட்டுப்படுத்தலாம். அப்படிச் செய்தால் அரசிதழில் அறிவிக்க வேண்டும். பொருத்தமான இடங்களில் போக்குவரத்துப் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காத தற்காலிகத் தடை என்றால் அரசிதழ் தேவையில்லை. ஆனால் சூழ்நிலைக்கு ஏற்ற அளவில் உள்ளூரில் விளம்பரம் செய்ய வேண்டும். 115-ஐ மீறினாலும் தண்டனை அதே 194-வது பிரிவில்தான்.

வண்டி வரம்புக்குள் இருந்துகொண்டே ரோட்டின் வரம்பை மீற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் திம்பம் மலைப்பாதை. சத்தியமங்கலத்தில் இருந்து மைசூர் பக்கம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை. புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே இரவு நேரப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதே ஆண்டு, 16.2 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் அந்தப் பாதையில் கட்டுப்பாடு வந்தது. 18.5 டன் ஆர்.சி. உள்ள ஆறு டயர் லாரி தன் அளவுக்குள்ளேயே 18 டன்னோடு கோவில்பட்டியில் இருந்து பண்ணாரி வரை தடையில்லாமல் போகலாம். மலையடிவாரச் சோதனைச்சாவடியில் நின்றுவிடும். ஆகவே பழக்கமில்லாத வழியில் வாடகைக்குப் போகிறவர்கள் கூகுள் காட்டும் குறுக்குப் பாதையை நம்பி இறங்கும் முன், அந்த வழியில் ஏற்கெனவே ஓடும் லாரிக்காரர்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

தற்காலிகத் தடை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பாலங்களும் ரோடுகளும் எத்தனை இடத்தில் அறுந்தன! அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பாலத்தின் முன்னால் வைத்திருக்கும் பலகையையோ, போலீஸ்காரர் குறுக்கே கட்டிய கயிற்றையோ "சும்மா வச்சிருக்காங்க" என்று ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பார வண்டியை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது.

கரிசல் மண் தாங்குவது எவ்வளவு?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் "ஒரு டன் கூடினா ரோடு என்ன உடைஞ்சா போயிரும்?" என்ற கேள்வியை நாமே பலமுறை கேட்டிருக்கிறோம்.

1958-ல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே ஒரு பெரிய சோதனை நடந்தது. சோதனைக்காகவே ரோடுகளைப் போட்டு, வெவ்வேறு பாரத்தோடு லாரிகளை ராணுவ வீரர்களைக் கொண்டு இடைவிடாமல் ஓட்டினார்கள். எந்தப் பாரத்துக்கு ரோடு எத்தனை நடையில் கெடுகிறது என்று அளந்தார்கள். அதில் கண்டது: ஓர் அச்சின் மீதுள்ள பாரம் கூடும்போது ரோட்டின் சேதம் அதே விகிதத்தில் கூடுவதில்லை, ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 11.5 டன் அச்சில் 15 டன் ஏற்றினால், கூடியது மூன்றரை டன்தான். ரோட்டுக்கு விழும் அடி ஏறத்தாழ மூன்று மடங்கு. உலகமெங்கும் ரோடு போடுகிற பொறியாளர்கள் இந்தக் கணக்கைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நம் கரிசல் காட்டுக்கு வாருங்கள். கோடையில் இந்த மண் பிளந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். முழங்கை வரை உள்ளே போகும் வெடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பி, பசையாகிவிடும். நடந்தால் செருப்பு வராது. இப்படி ஆண்டுதோறும் சுருங்கி விரிகிற மண்ணின் மேல் போட்ட ரோடு இது. ஈரமான கரிசல் பாரம் தாங்குவதில் மிகவும் பலவீனமானது என்பது மண் ஆய்வின் பாலபாடம். மானாவாரி மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வருவது மழை முடிந்த தை, மாசி ஒட்டித்தான். மேலே தார் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் பாரவண்டிகள் வரிசை கட்டுகின்றன.

பெரிய ரோட்டில் எடை பார்ப்பார்கள், டோல் இருக்கிறது என்று பயந்து, ஊர் ரோட்டில் இறங்கிச் சுற்றிப் போகிற லாரிகளும் உண்டு. நாலு வழிச்சாலை கனரக வண்டிகளுக்காகவே போட்டது. ஊர் ரோடு அப்படிப் போட்டதல்ல. தாங்கக்கூடிய இடத்தை விட்டுவிட்டுத் தாங்காத இடத்தில் பாரத்தை இறக்குகிறோம். பிறகு மினிபஸ் வராது. ஆம்புலன்ஸ் மெதுவாக வரும். பிரசவ வலியில் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தக் கூடுதல் நாலு டன்னுக்கு விலை கொடுப்பாள்.

ரோடு தரமில்லாமல் போடுகிறார்களே, அதை யாரும் கேட்பதில்லையே என்று சொல்வீர்கள். உண்மை. அதையும் கேட்கத்தான் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டு பராமரிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் எடைமேடைச் சீட்டில் 22,500 என்று அச்சாகியிருக்கும்போது ஒப்பந்ததாரரைப் பற்றிய வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

நிறுத்தினால் என்ன செய்வது?

நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. எடை போட மறுத்து ஓட்டிப் போனாலும், எடை போடுவதற்கு முன்பே வழியில் சரக்கை இறக்கிவிட்டாலும் ஓட்டுநருக்கு 40,000 ரூபாய் அபராதம் என்று 194-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. மேடைக்குப் போகும் முன் பத்து மூட்டையைத் தெரிந்தவர் களத்தில் தள்ளிவிட்டுப் போகலாம் என்ற யோசனையைத் தருகிறவர்கள் இந்த உட்பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள்.

எடை போடுவதற்கும் முறை உண்டு. 114-வது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர், வண்டி போகும் திசையில் 10 கி.மீ. தூரத்துக்குள் அல்லது சேரும் இடத்தில் இருந்து 20 கி.மீ. தூரத்துக்குள் இருக்கும் எடைமேடைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லலாம். கண்ணால் பார்த்து "இது ஓவர்லோடு" என்று எழுதுவது எடை போட்டதாகாது. எடைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் தேதி, நேரம், வண்டி எண், எடை ஆகிய நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எடைமேடைகளுக்குச் சட்டமுறை எடையளவுத் துறை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும். அந்தச் சான்றிதழ் மேடை அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

கூடுதல் பாரத்தை இறக்கச் சொல்லும் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். சரக்கை இறக்குவது வண்டிக்காரர் பொறுப்பில்தான். மூட்டை நனைந்தாலும் தொலைந்தாலும் அரசு ஏற்காது. பெர்மிட் உள்ள வண்டி என்றால் அலுவலர் அந்தக் குறிப்பைப் பெர்மிட்டிலும் எழுதி, அதைக் கொடுத்த அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். 3,000 கிலோவுக்கு மேற்படாத மொத்த எடை கொண்ட சின்ன வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்பதால் இது அவர்களுக்குப் பொருந்தாது.

அலுவலரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் எழுதுவதை நிறுத்த உங்களால் முடியாது. என்ன எழுதினார் என்பதைச் சரியாக வாங்கி வைத்துக்கொள்வது உங்களால் முடியும்.

சலானை வாங்கியதும் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 113 என்றால் கேள்வி வண்டியின் எடையைப் பற்றியது. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது ஆர்.சி.யும் எடைச் சீட்டும். 115 என்றால் கேள்வி ரோட்டைப் பற்றியது. அங்கே பலகை இருந்ததா, எந்த இடத்தில் இருந்தது, நுழையும் இடத்தில் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதே முக்கியம். மரக்கிளை மறைத்திருந்தால், விழுந்து கிடந்தால், அன்றைக்கே போய்ப் படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் புதுப் பலகை நட்டிருப்பார்கள்.

பணம் கட்டி முடிப்பதா, நீதிமன்றத்தில் சந்திப்பதா என்பது அடுத்த முடிவு. சமரசக் கட்டணங்களை மாநில அரசு அரசாணை வழியாக நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அவை திருத்தப்பட்டன. எடை சரி, பிரிவு சரி, தவறு நம்முடையது என்றால் சலானில் குறிப்பிட்ட கெடுவுக்குள் கட்டிவிடுவதே மேல். வழக்கு நடத்தும் செலவு அபராதத்தைத் தாண்டிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சமரசமாகக் கட்டி முடித்ததும்கூட முன்பு செய்த குற்றமாகவே கணக்கில் நிற்கும். அடுத்த முறை "இதுதான் முதல் தடவை" என்று சொல்ல முடியாது. எடையில் உண்மையாகவே சந்தேகம் இருந்தாலோ, பலகையே இல்லாத ரோட்டில் எழுதியிருந்தாலோ கட்ட வேண்டாம். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மறுத்துச் சொல்லலாம். பெண்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப்பணிகள் குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஒவ்வொரு வட்டத்திலும் நீதிமன்ற வளாகத்திலேயே அந்தக் குழுவின் அலுவலகம் இருக்கிறது.

கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது மட்டும் கூடாது. எஃப்.சி.க்கோ பெயர் மாற்றத்துக்கோ ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் நாளில் அந்தப் பாக்கி கணினித் திரையில் வந்து நிற்கும்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் வண்டிக்குச் சலான் வந்துள்ளது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, அதைத் திறந்ததும் வங்கிக் கணக்கைச் சுரண்டுகிற மோசடி நாடெங்கும் நடக்கிறது. உண்மையான சலானைப் பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொடாதீர்கள். வீட்டில் செல்போனைப் பிள்ளைகள் கையாள்கிறார்கள் என்றால் அவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

யார் பொறுப்பு?

194-வது பிரிவு ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் செய்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. உரிமையாளர் இதற்குள் தெளிவாக வருகிறார். மூட்டையைக் கூட்டி ஏற்றச் சொன்ன வியாபாரியை, நாம் பார்த்தவரை, யாரும் தேடிப் போவதில்லை. வாடகையை டன் கணக்கில் பேசுகிற வரை ஏற்றத்தான் சொல்வார்கள். "நீ ஏத்தலைன்னா அடுத்த வண்டிக்காரன் ஏத்துவான்" என்ற ஒரே வாக்கியத்தில் ஓட்டுநரின் வாய் அடைபட்டுவிடும்.

எடையில் குறைப்பதைப் பற்றி மார்க்கம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒருவர் கூலிக்குத் தாங்கும் சுமையைவிட அதிகமாக அவர் மேல் வைப்பதைப் பற்றியும் பேசியிருக்கிறது. வண்டி வைத்திருக்கிற, கமிஷன் மண்டி நடத்துகிற நம் சகோதரர்கள் இரண்டாவதையும் யோசிக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யக்கூடியது எளிதானது. புதிதாக வாங்கிய வண்டியை ஒருமுறை காலியாக எடைமேடையில் ஏற்றி, உண்மையான வெற்று எடையை எழுதி வையுங்கள். பக்கப் பலகையை உயர்த்தியும், கூடுதல் ஸ்டெப்னி, தார்ப்பாய், கயிறு என்று சேர்த்தும் ஆர்.சி.யில் உள்ள வெற்று எடையை எப்போதோ தாண்டியிருப்பீர்கள். அப்படிக் கூடிய ஒவ்வொரு கிலோவும் சரக்கில் குறைய வேண்டும். மூட்டைக் கணக்கை நம்பி ஏற்ற வேண்டாம். நூறு கிலோ என்று சொல்கிற மூட்டை, ஈரப்பதம் உள்ள மக்காச்சோளம் என்றால் நூற்று நாலு, நூற்று ஐந்து என்று நிற்கும். நூற்றைம்பது மூட்டையில் அதுவே முக்கால் டன். பாரம் ஏற்றியதும் அருகில் உள்ள எடைமேடையில் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ள ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். கூடுதல் என்று தெரிந்தால் மண்டியிலேயே இறக்கிவிடலாம். அங்கே ஆளும் இருக்கும், நிழலும் இருக்கும்.

ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை. கூடுதலாக ஏற்றச் சொன்னால் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: "இத்தனை மூட்டை ஏத்துறாங்க, எடை இவ்வளவு வரும், எடுக்கவா?" அவர் "எடு" என்று பதில் போட்டால் அதை அழிக்காமல் வையுங்கள். பெரும்பாலும் அப்படிக் கேட்டதுமே "பத்து மூட்டையைக் குறைச்சிரு" என்றுதான் பதில் வரும்.

நம் சகோதரரின் விஷயத்துக்கு வருவோம். முதலாளி சொன்னபடி பணத்தைக் கட்டிவிட்டார். மூன்றாவது வாரம் ஓட்டுநர் பெயருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. உரிமத்தை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். 19-வது பிரிவின்படி, அவர் சொல்வதைக் கேட்காமல் உரிமத்தை நிறுத்த முடியாது. உத்தரவு போட்டால் காரணத்தை எழுத வேண்டும். உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது, "அப்ப வக்கீல வைக்கணுமா ஹஜரத்?" என்று கேட்டார். தேவையில்லை, உங்கள் கைப்பட ஒரு விளக்கம் எழுதினால் போதும் என்றோம்.

நாமும் கூட இருந்து எழுதினோம். பதினோரு ஆண்டு ஓட்டியதில் இதற்கு முன் ஒரு சலானும் இல்லை, வண்டி தன்னுடையது அல்ல, மூட்டை எண்ணிக்கையைத் தான் முடிவு செய்யவில்லை, நிறுத்தியதும் நின்று எடை போட ஒத்துழைத்தார், கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கினார், குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. எடைச் சீட்டின் நகலையும், மண்டியில் இருந்து முதலாளிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் அச்சையும் இணைத்திருக்கிறோம். அந்தச் செய்திக்கு முதலாளி போட்ட பதில் ஒரே வார்த்தை: "ஏத்து." வரும் செவ்வாய்க்கிழமை அவரை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், நாமும் கூடப் போகிறோம்.